லேப் ப்ரோகிராமைத் தூக்கிப் போடாதீர்கள்

சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் பட்டப்படிப்பில் செமஸ்டருக்குச் செமஸ்டர் புதிதாக ப்ரோகிராம் எழுதி, மார்க் வாங்கியதும் மறந்துவிடுவதுதான் வழக்கம். வேலைக்குப் போனால் பெரும்பாலும் யாரோ எப்போதோ எழுதிய கோடைத் திறந்து, ஏற்கெனவே ஓடுவது எதுவும் கெடாமல் நாலு வரி மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் பாடத்திட்டத்திலிருந்து தானாக வராது. முதல் செமஸ்டரில் எழுதிய ஒரு சின்ன அப்ளிகேஷனைக் கடைசி செமஸ்டர் வரை விடாமல் வளர்த்துப் பாருங்கள், வரும்.

நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் ப்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ஓடினால் போதும், தரவு ஒரு ஃபைலில் இருக்கட்டும். சேமிக்கும் நடுவே ப்ரோகிராம் நின்றுபோனால் ஃபைல் அரைகுறையாகிவிடும். டேட்டாபேஸ் எதற்கு என்பது அப்போது புரியும். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் வந்ததும் 10 லட்சம் போலிப் பதிவுகளை நிரப்பித் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் அதிகபட்சம் 10 லட்சம் ஒப்பீடுகள்; வரிசைப்படுத்திய பட்டியலில் பைனரி சர்ச் (ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடுவது) செய்தால் 20 போதும்.

டேட்டாபேஸுக்கு மாறிய பிறகுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஒரே பிரதி மிச்சமிருக்கும் புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இரண்டு கோரிக்கைகளும் இருப்பைப் படிக்கின்றன. இரண்டுக்கும் 1 என்றே வருகிறது. இரண்டும் ஒன்றைக் கழித்து 0 என்று எழுதுகின்றன. இருந்த ஒரு புத்தகம் இரண்டு பேர் கணக்கில் ஏறிவிடுகிறது. தனியாக உட்கார்ந்து டெஸ்ட் செய்தால் இந்தத் தவறு பெரும்பாலும் கண்ணில் படாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே 5 விநாடி ஸ்லீப் போட்டு, இரண்டு டெர்மினல்களில் ஓட்டினால் உடனே தெரியும். தீர்வு: தனியாகப் படிக்காமல், ‘இருப்பு 0-ஐவிட அதிகமாக இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி’ என்பதை ஒரே அப்டேட் கட்டளையாக எழுதுங்கள். அந்தக் கட்டளையால் டேபிளில் எத்தனை வரிகள் மாறின என்று பாருங்கள். 0 என்றால் புத்தகம் இல்லை. இரவல் பதிவைச் சேர்ப்பதும், எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று டேட்டாபேஸ் உறுதி தரும் அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். இன்டர்வியூவில் இதை விளக்கத் தெரிந்தவரை எந்த மேலாளரும் கவனிப்பார்.

அபராதத் தொகையை ஃப்ளோட்டில் (தசம எண்களுக்கான டேட்டா டைப்) வைக்காதீர்கள். பைனரியில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது, அதனால்தான் 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் முதல் நாளிலிருந்தே வேண்டும். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கமிட் மெசேஜில் எழுதுங்கள். ஒவ்வொரு கமிட்டும் ஓடும் நிலையில் இருக்கட்டும். அப்படி இருந்தால், எப்போதோ நுழைந்த பிழையை, பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் 1000 கமிட்டுகளுக்குள்ளிருந்து சுமார் 10 சோதனைகளில் பிடித்துக் கொடுக்கும். பாஸ்வேர்டைக் கமிட் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, ஹிஸ்டரியில் அது அப்படியே இருக்கும். முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுங்கள். கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் பெயரைச் சேர்ப்பதும், ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை ஒன்றும் செய்யாது.

எர்ரர் வந்தால் அப்படியே காப்பி செய்து தேடுவதற்கு முன் முழுதாகப் படியுங்கள். பைத்தானில் பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும். ஜாவாவில் முதல் வரியில் இருக்கும். ஆனால் கீழே ‘காஸ்டு பை’ (Caused by) என்று தொடங்கும் வரிகள் இருந்தால், அவற்றில் கடைசியானதில்தான் பெரும்பாலும் மூலகாரணம். பிழை புரிந்ததும் அதை மீண்டும் வரவழைக்கும் டெஸ்டை முதலில் எழுதுங்கள். அது தோற்பதைப் பார்த்த பிறகு கோடைத் திருத்துங்கள்.

கடைசி செமஸ்டரில், ப்ராஜெக்ட்டைப் பார்த்தே இராத வகுப்பு நண்பரிடம் கோடையும், அதை ஓட்டும் வழி எழுதிய ரீட்மீ ஃபைலையும் மட்டும் கொடுத்து அவர் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலும் மூன்று இடங்களில் தடுக்கும்: உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஃபோல்டர் பாதை, எங்கும் குறிக்காத லைப்ரரி வெர்ஷன், செட் செய்ய மறந்த என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோகிராம் தன் கோடுக்கு வெளியே இருந்து படிக்கும் அமைப்பு). தடுத்த ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட்டு, அடுத்த முறை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.