செம்பனைக் காட்டில் வெயில் போகும் வழி

சென்ற மாதம் ஒரு காலையில், மலேசியாவின் தெலுக் இந்தானை அடுத்த எங்கள் தோட்டத்தில், எலி பிடிக்கும் கூகைகள் வந்து தங்கக் கம்பத்தின் உச்சியில் மாட்டியிருக்கும் கூண்டின் அடியில், கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டை ஒன்று கிடந்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து ஈர்க்குச்சியால் பிரித்தபோது, சாம்பல் நிற மயிருக்குள் இரண்டு எலி மண்டையோடுகள் இருந்தன. அவற்றின் ஆரஞ்சு நிற முன்பற்கள் கெடாமல் இருந்தன. எலியை விழுங்கும் கூகை, செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படித்தான் கக்கிவிடுகிறது.

அந்தப் பற்கள் கொறித்தது செம்பனைப் பழத்தை. பழத்தின் எண்ணெய் வெயிலிலிருந்து உண்டானது. பயிரின் மீது விழும் வெயிலில் ஏறக்குறைய 1 சதவீதமே, பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே, அதன் உடலாக மாறுகிறது. அதிலும் பெரும்பகுதியைக் குலைகளாக வெட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம், அல்லது வரிசைகளுக்கு நடுவே அடுக்கும் மட்டைகளில் காளானும் கறையானும் எடுத்துக்கொள்கின்றன. எலிக்குக் கிடைப்பது மிச்சத்தில் ஒரு துளி.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்னும் சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், உயிர்களுக்கிடையே ஆற்றல் படிப்படியாகக் கைமாறுவதைக் கணக்கிட்டுக் காட்டிய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அதை அச்சில் பார்க்கும் முன்பே, 27 வயதுகூட நிரம்பாத நிலையில், அவர் இறந்துபோனார். உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ 10 சதவீத ஆற்றலே சேரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அது ஒரு சராசரிதான். மீதி எங்கே போனது என்று கேட்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எலியின் உடல் எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். ஆகவே செரித்த உணவில் சில சதவீதம் மட்டுமே சதையாகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகிக் காற்றில் கலந்து திரும்பாமல் போய்விடுகிறது. உடலைச் சூடாக்கத் தேவையில்லாத பாம்போ, தின்றதில் எலியைவிடப் பல மடங்கு பங்கைச் சதையாக்கிக்கொள்கிறது. எலி ஒன்றை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் மட்டைக் குவியலுக்குள் சுருண்டு கிடக்க அதனால் முடிகிறது.

ஆற்றல் மெலிந்துகொண்டே ஏறும் இதே ஏணியில் எலி விஷமும் ஏறி, உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. வார்ஃபரின் என்னும் பழைய எலி விஷத்துக்கு எலிகள் பழகிவிட்ட பின் வந்த புரோடிஃபாக்கூம் போன்ற விஷங்கள் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்து, கூகைக்கு எளிதான இரையாகிறது. இரையிலிருந்து பெற்ற ஆற்றலைக் கூகை அன்றிரவே பறந்து தீர்த்துவிடும், விஷத்தை அப்படி விரைவில் தீர்க்க அதற்கு வழியில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிளாக்கில் ஒரு கூகை, அலகின் ஓரத்தில் இரத்தம் உறைந்து, கூண்டுக்கு நேர்கீழே செத்துக் கிடந்தது. அது எதனால் இறந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த வாரம் விஷக்கட்டி போட்டிருந்தார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். கூகை கத்தினால் சாவு விழும் என்று எங்களை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட என் அப்பா, முப்பது ஆண்டுகள் தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தவர், அதைத் தன் துண்டில் சுற்றி வாய்க்கால் ஓரம் புதைத்தார்.

இப்போது இந்த பிளாக்கில் விஷக்கட்டி போடுவதில்லை. வாரந்தோறும் சனிக்கிழமை, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும், கூண்டின் கீழே கிடக்கும் உருண்டைகளை எண்ணி நானும் அப்பாவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறோம்.