கண்காட்சிக்கு முன்: அச்சறை நாட்குறிப்பு

செப்டம்பர் 3

தாங்ஸ்கிவிங் வார இறுதியில் எங்கள் வட்டாரக் கலைக் கண்காட்சி. இங்கே கனடாவில் அது அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டி வரும். எனக்கு ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. அதில் தொங்கப்போகும் படங்கள் எல்லாமே சென்ற ஆண்டு ஒன்டாரியோவின் அல்கொன்குவின் பூங்காவில் எடுத்தவை. இந்த ஆண்டுப் படங்களுக்குக் காத்திருக்க முடியாது. அங்கே சர்க்கரை மேப்பிள் மரங்கள் முழு நிறத்துக்கு வருவதே பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்தில்தான்.

ஏரியில் தலைகீழாகத் தெரியும் சிவப்பு மலைகளை ஒதுக்கிவைத்துவிட்டேன். அழகான படங்கள்தான். ஆனால் அந்தக் காட்சியை அடுத்த சுவரிலும் யாராவது மாட்டியிருப்பார்கள். என் மனம் டாமரக் மரங்களின் பக்கமே போகிறது. ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் ஊசிகளையெல்லாம் உதிர்த்துவிடும் மரம் அது. மேப்பிள் பார்க்க வந்த கூட்டம் வீடு திரும்பிய பிறகு, அக்டோபர் நடுவில், சதுப்பு நிலத்தில் தன்னந்தனியாகப் பொன்னிறமாக நிற்கும். 60ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுகிற மரம். அதைச் சுவரின் நடுவில் வைக்கப்போகிறேன்.

செப்டம்பர் 6

இன்று முழுவதும் ஒரே ஒரு மேப்பிள் மரத்தோடு போராட்டம்.

வெயில் பின்னாலிருந்து விழும் சிவப்பு இலைகள் திரையில் தீயாக எரிகின்றன. திரை தானே ஒளிர்கிற பொருள். காகிதமோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டும்தான். அந்தச் சிவப்பில் ஒரு பகுதி அச்சு மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அப்படியே அச்சிட்டால் இலை நரம்புகள் எல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். காகிதத்துக்குரிய வண்ணக் கோப்பைப் போட்டு, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்தபடி சிவப்பின் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஓரிடத்தில் நடு நரம்பு மெல்லிய ஆரஞ்சுக் கோடாகத் தலைகாட்டியது. பிறகு அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகள், ஓரத்துப் பற்கள். அத்தோடு நிறுத்தினேன். சிவப்பைக் குறைத்த பிறகுதான் இலை, இலையாகத் தெரிந்தது.

அந்த மரம் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மஞ்சளும் பச்சையும். கணினியில் கைவைத்தாயா என்று கண்காட்சியில் நிச்சயம் கேட்பார்கள். மஞ்சள் நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருப்பது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து இலையுதிர் காலத்தில் மரம் புதிதாக உண்டாக்கும் நிறம் அது. அதற்கு வெயில் வேண்டும். எனவே வெயில் படும் பக்கம் முதலில் சிவக்கிறது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை மரமே எழுதிவைத்திருக்கிறது. அதை நான் ஏன் சமன்படுத்த வேண்டும்?

செப்டம்பர் 7

காகிதம் முடிவாகிவிட்டது. மேப்பிளுக்கும் டாமரக்குக்கும் பாரைட்டா என்கிற மினுக்கமான பூச்சுக் காகிதம். கறுப்பு ஆழமாக விழுகிறது, நிறங்களுக்கு இடம் தாராளம். மூடுபனிப் படங்களுக்கு மினுக்கம் இல்லாத பருத்திக் காகிதம். அதில் கறுப்பு சற்று வெளிறும். பனிக்கு அது நல்லதுதான்.

செப்டம்பர் 13

கிளைன்பர்க் போய் மக்மைக்கேல் கலைக் காட்சியகத்தில் கனடிய ஓவியர் டாம் தாம்சனின் சிறு ஓவியங்களைப் பார்த்து வந்தேன். அல்கொன்குவினைப் படம் எடுக்கிற எவரும் அவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறோம். 1917 ஜூலையில் அதே பூங்காவின் கனோ ஏரியில் இறந்தார். அப்போது வயது 39. அவருடைய ‘ஜாக் பைன்’ ஒட்டாவாவிலும் ‘மேற்குக் காற்று’ டொராண்டோவிலும் பெரிய திரைச்சீலைகளாக இருக்கின்றன. ஆனால் காட்டில் உட்கார்ந்து அவர் வரைந்தவை பெரும்பாலும் எட்டரைக்குப் பத்தரை அங்குல மரப்பலகைகள். பெட்டியில் வைத்துத் தோணியில் கொண்டுபோகிற அளவு.

ஒரு பலகையின் முன் குனிந்து நின்றேன். ஏரிக்கரை, தூரிகையின் இரண்டு இழுப்பு. நடுவே பூசாமல் விட்ட மரத்தின் பழுப்பு அப்படியே தெரிகிறது. அதுதான் அங்கே மண்.

இப்போதெல்லாம் கண்காட்சி என்றாலே பெரிய அச்சு என்றாகிவிட்டது. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 பிக்சல் அகலம், அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் 20 அங்குலம் தாராளமாக வரும், இன்னும் இழுக்கலாம். பெரிய படத்தை ஆட்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிறிய படத்துக்குக் கிட்டே வந்தாக வேண்டும். மூடுபனிப் படங்கள் அத்தனையையும் பத்து அங்குல அகலத்துக்குக் குறைக்கிறேன். டாமரக் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

செப்டம்பர் 18

அச்சுகள் முடிந்தன. ஒரு நாளாவது ஆறவிட்ட பிறகே கண்ணாடிக்குள் போக வேண்டும். மையிலிருந்து வெளியேறும் ஆவி உள்ளே படிந்து கண்ணாடி மங்கிவிடும்.

இன்று படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வரும் மவுண்ட் அட்டையை வெட்டினேன். அமிலமற்ற அட்டை, 45 பாகைச் சரிவில் வெட்டு. படத்தைப் பின்னட்டையில் முழுவதுமாக ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுகிறேன். ஈரக்காற்றில் காகிதம் விரியும், குளிரில் ஹீட்டர் போட்டால் சுருங்கும். கீழ்ப்பக்கம் விட்டிருந்தால் அதன்பாட்டில் அசைந்துகொள்ளும். நாற்புறமும் இறுக்கினால் அலை அலையாக எழும்பிவிடும். இந்தப் பசையைத் தண்ணீர் தொட்டுக் கழற்றவும் முடியும். படத்தை வாங்குகிறவரின் பிள்ளைகள் காலத்தில் படச்சட்டத்தை மாற்ற நேர்ந்தாலும் படம் கிழியாது.

செப்டம்பர் 21

ஸ்கார்பரோவில் ஃபிரேம் கடை. கடைக்கார அண்ணர் டாமரக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, “தம்பி, சாதாரணக் கண்ணாடி போட்டால் சனம் தங்கள் முகத்தைத்தான் பார்க்கும். இதற்கு மட்டுமாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக் கண்ணாடி போடுங்கள்” என்றார். விலை கிட்டத்தட்ட சட்டத்தின் விலைக்கே வந்தது. இருந்தாலும் அவர் சொன்னதே சரி. இருண்ட ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் பின்னணியில் இருக்கும் படம், எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும். போடச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 27

பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டாயிற்று. விலைப்பட்டியலும் தயார். சட்டமில்லாமல் சிறிய அச்சுகள் சிலவற்றைக் குறைந்த விலைக்கு வைக்கிறேன். வாடகை வீட்டில் இருக்கும் மாணவரும் சுவரில் ஒரு மரத்தை மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. பெரிய டாமரக்கின் விலையில் ஒரு டாலரும் குறைக்கமாட்டேன். அந்தக் காகிதமும் கண்ணாடியும் கைவேலையும் எனக்குத் தெரியும்.

பூங்காவில் மேப்பிள் உச்சத்துக்கு வந்துவிட்டதாம். படங்களை முதலாம் தேதி மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் விடியற்காலையில் ஒரு முறை அல்கொன்குவின் போய் வந்துவிடலாம். பேட்டரிகள் சார்ஜில் இருக்கின்றன.