சேரமங்கையின் வீடு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் நேராகத் திருச்சுற்றுச் சுவருக்குத்தான் போவேன். அங்கே ராஜராஜன் வெட்டி வைத்த ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 ஆடல் பெண்களின் பட்டியல் அது. அவர்கள் குடியிருந்த கோயில் தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பெயர்; அதனால் அவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள்.

பட்டியல் என்றால் சும்மா தலையெண்ணிக்கை இல்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது தெருவின் எந்த வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, அதாவது முதல் வீடு: திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. முதல் தடவை அந்தப் பெயரைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு நடனக்காரியின் கதவு எண் அல்லவா அது!

ஆளுக்கு ஒரு வீடு, சம்பளமாக ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு வருஷம் 100 கலம் (பழைய முகத்தல் அளவை) நெல். அவர்களோடு நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், உடுக்கை வாசித்தவர்கள், சங்கு ஊதியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே சம்பளப் பட்டியலில் உண்டு. ஒருவர் இறந்துபோனால் நெருங்கிய உறவுக்கு அந்த இடம் போகும். அவருக்குத் தகுதி இல்லையா, தகுதியான வேறு ஆளைத் தேடி வைக்க வேண்டும்.

அப்புறம், விமானத்தின் மேல்தளத்தில் கரணங்களை, அதாவது நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்கள் இருக்கின்றன. மொத்தம் 108 கரணங்களில் 81தான் முடிந்திருக்கிறது. மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

அடுத்த தடவை போகும்போது அந்தச் சுவர்ப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.