சனிக்கிழமை கையெழுத்து

2024 ஜூன் 1, சனி

காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் அலுவலகக் கூட்ட அறையில் வழிபாடு நடந்தது. வேலைக்கு நடுவே அரை மணி நேரம் கடவுளை நினைப்பவர்களோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆனால் வாசலில் உள்ள நோட்டில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே போக வேண்டும் என்பதும், அந்த நோட்டு அன்று மாலையே எச்.ஆர். மேடத்தின் மேசைக்குப் போய்விடும் என்பதும் அதைக் கட்டாயமாக்கிவிடுகின்றன. நியமன ஆணையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த மதம் என்று இங்கே எழுதப்போவதில்லை. வேறு வேறு மதத்து முதலாளிகளிடம் வேலை பார்க்கும் தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

2024 ஜூன் 7, வெள்ளி

முதலாளி தன் அறைக்கு அழைத்தார். நானும் என்னுடன் வசிப்பவளும் வெறும் அறைத்தோழிகள் அல்ல என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீ என் பொண்ணு மாதிரிம்மா. இது வயசுக் கோளாறு, பிரார்த்தனை பண்ணினா சரியாயிடும். உனக்காகத் தனியா ஒரு வழிபாடு ஏற்பாடு பண்றேன், அப்புறம் நல்ல பையனாப் பார்ப்போம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அப்படிப் பேசிக்கொண்டே, மேசையில் விரித்திருந்த ஊதிய உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாசமாகக் கேட்கும்போது மறுப்பவள்தான் நன்றிகெட்டவள் ஆகிறாள்.

2024 ஜூன் 8, சனி

இன்று வழிபாட்டுக்குப் போகவில்லை.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை மறுபடி படித்தேன். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்து, அப்படிச் செய்பவர்களின் உரிமம் வரை பறிக்கலாம் என்றது அந்த உத்தரவு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது. ஆனால் என் முதலாளி மருத்துவர் அல்லர். அவர் கையில் இருப்பது என் சம்பளம்.

2024 ஜூன் 18, செவ்வாய்

வழக்கறிஞர் அக்காவைச் சந்தித்தேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எங்களைக் குற்றவாளிகள் அல்ல என்று அறிவித்தாலும், அரசியல் சாசனத்தின் 15, 16ஆம் பிரிவுகள் வேலை விஷயத்தில் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன, தனியார் முதலாளியை அல்ல என்று விளக்கினார். திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனங்களிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. பாலீர்ப்பு பற்றி அப்படி ஒரு சட்டம் இல்லை. அமெரிக்காவில், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தன்பாலீர்ப்பு கொண்ட தொழிலாளர்களையும் காக்கும் என்று 2020 ஜூன் 15 அன்றே தீர்ப்பாகிவிட்டது.

எனக்குக் கைகொடுக்கக்கூடியது, யாரும் பேசாத 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் நீக்காமலேயே நெருக்கினால் அந்தப் பிரிவு உதவாது. "எதுவா இருந்தாலும் எழுத்துல வாங்கு" என்று மட்டும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

2024 ஜூலை 1, திங்கள்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா இன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த பழைய 377ஆவது பிரிவுக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை. இதே நாளில் கணக்குப் பிரிவில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஊதிய உயர்வுக் கடிதம் கிடைத்தது. என் வேலையில் குறை என்ன என்று எழுத்தில் தெரிவிக்குமாறு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். நான் யாரோடு வாழ்கிறேன் என்பதை அலுவலகத்தில் இனி யாரும் பிரார்த்தனைக்குரிய குறையாகப் பேசக் கூடாது என்று கடைசிப் பத்தியில் எழுதினேன். அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார் அக்கா, நான் எடுக்கவில்லை.