கட்டித் தொங்கவிட்ட தழை

மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்ல ஆள் இல்லாமல் போனதால், மூலனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குள்ள மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் பரண் அமைத்து வெள்ளாடுகளை அடைத்து வளர்க்கத் தொடங்கினோம். முதல் ஆண்டில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். வேலியோரம் வரிசையாகத் தழைத்து நின்ற சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழையை மட்டுமே அறுத்து, காலையும் மாலையும் அள்ளிப் போட்டேன். சவுண்டல் தழையின் உலர்பொருளில், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில், நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை புரதம் இருக்கிறது. சோளத்தட்டையிலோ நான்கைந்து பங்குக்கு மேல் தேறாது. பிண்ணாக்கு விற்கும் விலையில், வேலியிலேயே புரதம் முளைத்துக் கிடக்கும்போது வேறெதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு மாதத்துக்குள் ஆடுகளுக்கு முதுகிலும் வாலிலும் முடி கொட்டியது, குட்டிகள் மெலிந்தன. குடற்புழுவாக இருக்கும் என்று மருந்து கொடுத்தும் பயனில்லை. பரணையும் தழைக் குவியலையும் மாறி மாறிப் பார்த்த அம்மா, "ஏங் கண்ணு, காட்டுல மேயறப்ப ஒரே மரத்துக்கிட்டயேவா நின்னுட்டு இருந்துது?" என்று மட்டும் கேட்டார். மரத்தழைத் தீவனம் பற்றி நான் பிறகு படித்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கான விரிவுரையாகவே எனக்குத் தோன்றுகிறது.

சவுண்டலில், குறிப்பாக அதன் இளந்தளிரில், மிமோசின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. முடி வளர்வதைத் தடுப்பது அதுதான். ஆட்டின் முதல் இரைப்பையில் அது வேறொரு பொருளாக மாறித் தைராய்டு சுரப்பியையும் பாதிக்கிறது. ஹவாய்த் தீவுகளின் ஆடுகள் இதே தழையைத் தின்றும் கெடுதலின்றி இருப்பதைக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சிதைத்துவிடுவதே காரணம் என்று 1980களில் காட்டினார். 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே சூட்டினார்கள். நம் ஆட்டின் வயிற்றில் அது போதிய அளவு இருக்கிறதா என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போகாமல், அதையும் சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுப்பதே பாதுகாப்பு. முப்பது கிலோ எடையுள்ள ஆடு நாளுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பச்சைத் தழை தின்னும் என்று வைத்துக்கொண்டால், அதில் சவுண்டல் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டினால் போதும்.

வெள்ளாடு செம்மறியைப் போலக் குனிந்து புல்லை மட்டும் மேய்ந்துகொண்டிருப்பதில்லை. இரண்டு காலில் எழுந்து நின்று இங்கே நான்கு இலை, அங்கே ஒரு கொழுந்து என்று கடித்துக்கொண்டே நகர்வது அதன் இயல்பு. ஒரு மரத்தின் நஞ்சோ துவர்ப்போ மிகுதியாக உள்ளே போவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறது. கொட்டிலில் அடைத்ததும் அந்தத் தேர்வு அதனிடமிருந்து பறிபோகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது தழை வெட்டுகிறவரின் பொறுப்பு.

இப்போது வேலியில் கிளைரிசிடியா என்னும் தழைமரத்தையும் நட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். ஆனால் அதன் வாடைக்கு எங்கள் ஆடுகள் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெட்டி ஓர் இரவு வாடவைத்து, பழகிய தழையோடு கலந்து கட்டியபின் மூத்த ஆடு ஒன்று கடித்தது, மற்றவை பின்தொடர்ந்தன. வாடலாம், பூஞ்சை மட்டும் பிடிக்கக் கூடாது. அதிலுள்ள கூமரின் என்னும் வேதிப்பொருள், பூஞ்சையால் இரத்தத்தை உறையவிடாத பொருளாக மாறக்கூடும். அந்த மரத்தின் இலத்தீன் பெயருக்கே எலியைக் கொல்வது என்றுதான் பொருள். எனவே தழையைக் குவித்து வைக்காமல் நிழலில் பரப்பியே வாடவிடுகிறேன்.

அகத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெற்றிலைக் கொடிக்காலில் கழித்துப் போடும் அகத்திக்கு ஆடு வைத்திருப்பவர்கள் காத்துக் கிடப்பார்கள். ஆனால் சவுண்டலைப் போல அகத்தியை மொட்டையாக வெட்டினால் தாங்காது. பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்து, கொண்டைக் கொழுந்தை விட்டுவிட வேண்டும். மொட்டையாக வெட்டிப் பட்டுப்போன ஏழு மரங்கள் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தன.

கொறங்காடு என்று எங்கள் பகுதியில் சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் காட்டை அமைத்த முன்னோர் இந்தக் கலவையை எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலாமரம். கோடையில் புல் காய்ந்தபின் மரத்தடியில் உதிரும் வேலங்காயே தீவனமாகிவிடும். சீமைக் கருவேலங்காயையும் ஆடுகள் விரும்பித் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளிவந்து காடெங்கும் முளைத்துவிடும். அந்த உதவி எனக்கு வேண்டாம். சவுண்டலையும் காய் முற்றும் முன்பே வெட்டிவிடுவது இதே அச்சத்தால்தான்.

தழையைத் தரையில் போடுவதையும் நிறுத்திவிட்டேன். மிதித்த தழையை வெள்ளாடு தொடாது என்பது ஒரு காரணம். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் இளம்பருவம் தரையை ஒட்டிய ஈரப்புல்லில் ஏறி ஆட்டின் வாய்க்காகக் காத்திருப்பது இன்னொரு காரணம். உயரத்திலிருந்து ஒடித்து, ஆட்டின் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட தழையில் அதற்கு வழியில்லை.

இன்று மாலைக் கட்டில் சவுண்டல், வாடிய கிளைரிசிடியா, வேம்பு, உதியந்தழை, கொஞ்சம் பூவரசு ஆகியவை இருந்தன. கட்டியவுடன் எல்லா ஆடுகளும் முன்னங்காலைத் தூக்கி வைத்து முதலில் இழுத்தது வேப்பந்தழையை. புரதக் கணக்குப் பார்த்து நான் நடுவில் பொதிந்து கட்டிய சவுண்டலைக் கடைசியாகத்தான் தொட்டன.