வீடு கணக்கில் வராது

இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையிலிருந்து அம்மா வீடு திரும்பியபோது, மீண்டு எழுவதற்காகத் தரப்படும் குறுகிய காலப் பராமரிப்பு ஆறு வாரங்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. அது முடிந்த பிறகும் குளிக்கவும் உடுத்தவும் துணை தேவைப்பட்டதால் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், கேட்கலாம் என்றேன். "வீட்டை எடுத்துக்கொள்வார்களா?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அப்பா இரவு வேலை பார்த்துக் கடனடைத்த வீடு அது. அந்த அச்சத்தில் நான்கு மாதங்களை இழந்தோம். இங்கிலாந்தில் வாழும் நம்மவர் வேறு யாரும் அப்படி இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒருவர் தம் சொந்த வீட்டில் இருந்தபடியே பராமரிப்புப் பெறும்போது, அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கவுன்சில் கணக்கிடும் நிதி மதிப்பீட்டில் அவ்வீட்டின் மதிப்பு சேர்க்கப்படுவதில்லை. உடன் வாழும் பிள்ளைகளின் சம்பளமும் அதில் வராது. பார்க்கப்படுவது அவருடைய வருமானமும் சேமிப்பும் மட்டுமே. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் சேமிப்பைத் தொடுவதில்லை. இடைப்பட்டால், 14,250-க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் இருப்பதாகக் கணக்கிடுவார்கள். இந்த வரம்புகள் 2010 முதல் உயர்த்தப்படாமல் இருப்பது பெரும் அநீதி என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு அஞ்சிப் பணத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். கட்டணத்தைத் தவிர்க்கவே மாற்றினீர்கள் என்று கவுன்சில் கருதினால், அந்தப் பணம் இன்னும் உங்களிடமே இருப்பதாகக் கொண்டு கணக்கிட முடியும்.

நாங்கள் தவறிய இடம் வேறு. பிறர் துணை தேவைப்படும், ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களுக்குச் சேமிப்பைப் பாராமல் அரசு வழங்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பெற்றோம். கவுன்சில் அதை அம்மாவின் வருமானத்தோடு சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்க்கும்போது, உடல்நிலையால் கூடுதலாக ஆகும் செலவுகளைக் கழித்தாக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. வந்த அதிகாரியும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. இரவில் நனையும் படுக்கை விரிப்புகளை நாள்தோறும் துவைப்பது, குளிர் தாங்காமல் பகல் முழுதும் ஹீட்டர் எரிவது, விழுந்தால் அழைக்கக் கழுத்தில் அணியும் அலாரத்தின் மாதக் கட்டணம் என எதையுமே நாங்கள் சொல்லவில்லை. இவையெல்லாம் வீட்டோடு வீடாக நடப்பவை. அவற்றைச் செலவென்று எண்ணியதே இல்லை. அம்மாவுக்கோ, படுக்கை நனைவதை அந்நியர் முன் சொல்லவே கூச்சம்.

நிதி மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்த பிறகே எங்களுக்கு விளங்கியது. ரசீதுகளையும் மின்கட்டண பில்களையும் திரட்டி மறுபரிசீலனை கோரினேன். படுக்கை விரிப்பைப் பற்றி அம்மா தாமே, தாழ்ந்த குரலில், தொலைபேசியில் சொன்னார். அடுத்து வந்த கடிதத்தில் அவர் வாரந்தோறும் கட்ட வேண்டிய தொகை குறைந்திருந்தது.