இடது வட்டத்தில் ஓர் அலுவலகம்

ஆறு வருடம் நான் செய்த வேலையை வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் வீடியோவை ஓட விட வேண்டும். யாராவது கோலை நோக்கி அடித்தால் நிறுத்த வேண்டும். எங்கிருந்து அடித்தார், எப்படி அடித்தார், என்ன ஆயிற்று என்று குறித்துவிட்டு மறுபடி ஓட விட வேண்டும். விளையாட்டுப் புள்ளிவிவரம் விற்கும் ஒரு கம்பெனிக்காக இதைச் செய்தேன். "ஆட்டம் பார்க்கச் சம்பளமா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு முன் நான் காலில் ஸ்கேட் கட்டியதே இல்லை. ஹாக்கி என்றால் எனக்குத் தரையும் பந்தும்தான். இங்கே பந்துக்குப் பதில் பக். கெட்டி ரப்பரில் செய்த வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை ஏறக்குறைய 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பனியில் துள்ளித் தொலைக்கும். கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதன் முன்னால் கோல்கீப்பர் கால், கை, மார்பு எல்லாம் மெத்தையைக் கட்டிக்கொண்டு நின்றால் மிச்சம் தெரிவது நாலைந்து பொந்துகள். அந்தப் பொந்துக்குள் வட்டைப் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்களைத்தான் ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பிடிபட்ட விஷயம், அவர்கள் எவ்வளவு தோற்கிறார்கள் என்பது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் கோலுக்கு நேராகப் போய்ச் சேரும் ஷாட்டுகளில் பத்துக்கு ஒன்றுதான் ஏறக்குறைய உள்ளே போகும். வெளியே போனவை, குறுக்கே விழுந்து ஒருவர் தடுத்தவை இந்தக் கணக்கிலேயே வராது. என் பட்டியலில் வரிசை வரிசையாக 'தடுக்கப்பட்டது', 'வெளியே', 'கீப்பர் பிடித்தார்' என்றே போகும். எப்போதாவது ஒரு வரியில் 'கோல்'. உலகத்தின் ஆகச் சிறந்த கோல் அடிப்பவருக்கும் இதே கதைதான், விகிதம் மட்டும் கொஞ்சம் மாறும். வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியின் அலெக்ஸ் ஒவெச்கின் பல சீசன்களில் லீகிலேயே அதிக ஷாட் அடித்தவர். அதாவது, அதிகம் தவறவிட்டவர்களின் வரிசையிலும் அவர் முன்னால்தான் நிற்பார்.

அடுத்துப் பிடிபட்டது, அவர்கள் நிற்கும் இடம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் திரையில் இருக்கும் மைதானப் படத்தின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சீசன் முடிவில் ஓர் ஆட்டக்காரரின் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் எறும்புப் புற்று மாதிரி ஒரு குவியல் தெரியும். ஒவெச்கினுக்கு அது, கோலுக்கு முன்னால் இரு பக்கமும் பனியில் வரைந்திருக்கும் வட்டங்களில் இடது பக்க வட்டம். ஹாக்கி பார்ப்பவர்கள் அந்த இடத்தை அவருடைய 'ஆபீஸ்' என்றே சொல்வார்கள். அவருக்கு முந்தைய தலைமுறையின் பெரிய நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கிக்கும் ஓர் ஆபீஸ் இருந்தது. அது கோலுக்குப் பின்னால். அங்கே போய் நின்றுகொள்வார். கோல்கீப்பர் அவரைத் திரும்பிப் பார்ப்பதா, முன்னால் வருபவனைப் பார்ப்பதா என்று கழுத்து வலிக்கத் தவிப்பார். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நிரந்தர மேஜை கிடையாது, தினம் எது காலியோ அதில்தான் உட்கார வேண்டும். அதனாலோ என்னவோ, இந்த ஆபீஸ் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இடது வட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? எதிரணியில் ஒருவர் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தால் ஐந்து பேருக்கு நான்கு பேர் என்று ஆகிவிடும். அதுதான் பவர் பிளே. ஒவெச்கின் வலது கைக்காரர். இடது வட்டத்தில் நின்றால் அவருடைய ஸ்டிக் மைதானத்தின் நடுப்பக்கம் பார்த்து விரிந்திருக்கும். வலது பக்கத்திலிருந்து குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல், வந்த வேகத்திலேயே அடிக்கலாம். பாஸ் குறுக்கே போகும் நேரத்துக்குள் கோல்கீப்பர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சறுக்கியாக வேண்டும். சரி, அவர் அங்கேதான் நிற்பார் என்று ஊருக்கே தெரியுமே, ஓர் ஆளை அவர் பக்கத்திலேயே ஒட்ட வைத்தால் என்ன? வைக்கலாம். அப்புறம் மிச்சம் மூன்று பேர் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டும். அது இன்னும் மோசம். தெரிந்தும் தடுக்க முடியாத வேலை என்று ஒன்று இருப்பதை நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தித்தான் நம்பினேன்.

எனக்கு ஒரு வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எங்கள் பட்டியலில் ஷாட்டுக்கு இடமுண்டு, ஷாட்டுக்கு முன்னால் நடந்ததற்கு இல்லை. ஓர் ஆட்டக்காரர் ஒரு தடவை உள்ளே இறங்கினால் முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்கி பெஞ்சுக்குத் திரும்புவார். மொத்தம் 60 நிமிட ஆட்டத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் பனியில் இருப்பது 20 நிமிடம் இருந்தாலே அதிகம். அதிலும் பக் அவரிடம் இருப்பது வெகு கொஞ்ச நேரம். மற்றபடி என்ன செய்கிறார்? மெதுவாக நகர்கிறார். யாரும் கவனிக்காத இடத்துக்குப் போகிறார். திரும்பி வருகிறார். கொக்கு உவமையை இங்கே சொல்லலாம்தான். ஆனால் கொக்கை யாரும் பின்னாலிருந்து ஸ்டிக்கால் இடுப்பில் குத்துவதில்லை.

ஒரு தடவை நான் சரியாக மாட்டிக்கொண்டேன். தொலைவிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரர் அடித்தார், பக் உள்ளே போனது, அவர் பெயரையே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டார். ஒவ்வொரு பிரேமாக நகர்த்திக் காட்டினார். கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்ற ஓர் இளைஞனின் ஸ்டிக் நுனியை பக் உரசிக்கொண்டு போயிருந்தது. விலகல் ஒரு விரல் அகலம் இருக்குமா? அவ்வளவுதான். கோல் அவனுடையது. லீகின் அதிகாரபூர்வக் கணக்கிலும் அவன் பெயர்தான் இருந்தது. "இதுக்கென்ன இப்போ?" என்று எனக்குத் தோன்றியதை முகத்தில் படித்திருப்பார் போல. புதிதாக லீகுக்குள் வரும் முன்வரிசைக்காரர்களின் ஒப்பந்தத்தில் 20 கோலுக்கு என்று ஒரு போனஸ் வைக்க முடியும் என்றார். பத்தொன்பதில் நின்றவனுக்கும் இருபதைத் தொட்டவனுக்கும் நடுவில் இப்படி ஓர் உரசல் இருந்திருக்கலாம். அந்த மாதப் பிழைக் கணக்கில் என் பெயர் ஏறியது. அதற்குப் பிறகு கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று அடி வாங்கும் ஆட்களை நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். தூரத்திலிருந்து அழகாக அடிக்கும் ஷாட்டைவிட இந்த வேலைதான் கஷ்டமானது என்பது என் கட்சி.

வறட்சிக் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து ஆட்டம், பன்னிரண்டு ஆட்டம் என்று ஒருவருக்கு கோலே விழாது. பத்திரிகைகள் அவர் முடிந்துவிட்டார் என்று எழுதும். நான் என் புள்ளிகளை எடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு மாற்றமும் இருக்காது. அதே இடம், அதே எண்ணிக்கை. பொந்து மட்டும் அடைபட்டிருக்கும். அப்படிப்பட்டவர்கள் தானாகத் திரும்பி வருவார்கள். எனக்குப் பயமாக இருப்பது வேறு வகை: ஷாட் எண்ணிக்கையே குறைந்து, புள்ளிகள் கோலிலிருந்து தள்ளித் தள்ளிப் போவது. அடித்தால்தானே தவறும் என்று பாஸ் கொடுத்துத் தப்பிப்பது. அலுவலகத்தில் நானே ஒரு காலத்தில் அப்படி இருந்தேன், சந்தேகமான ஷாட்டையெல்லாம் 'பிறகு சரிபார்க்க' என்று தள்ளிவிடுவேன்.

வயது இவர்களை எப்படித் தின்கிறது என்பதை அறியப் பழைய ஆட்டங்களையும் தேடிப் பார்த்தேன். மைக் பாஸி நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியில் தொடர்ந்து ஒன்பது சீசன் 50 கோலுக்குக் குறையாமல் அடித்தவர். பத்தாவது சீசனில் முதுகு ஒத்துழைக்கவில்லை, 38 கோலோடு நின்றது. மொத்தம் 752 ஆட்டம், 573 கோல், அத்தோடு சரி. 1981-82 சீசனில் 92 கோல் போட்ட கிரெட்ஸ்கி, 1998-99இல், தன் கடைசி சீசனில், போட்டது 9. ஆனால் அந்தச் சீசனில் மற்றவர்கள் கோல் போட 53 தடவை வழி செய்து கொடுத்தார். ஆபீஸ் கோலுக்குப் பின்னால் இருந்ததில் அது ஒரு வசதி. இளவயது ஒவெச்கின் இடது ஓரமாகப் புயல் மாதிரி வந்து தடுப்பவரின் கால்களுக்கு நடுவே அடிப்பார். கால் வேகம் குறையக் குறைய வட்டத்துக்குள் இன்னும் ஆழமாகக் குடியேறிவிட்டார். 2021-22இல், 36 வயதில், 50 கோல். அதில் பலவற்றுக்குப் புள்ளி வைத்தது நான்தான்.

அந்தச் சீசனோடு நான் வேலையை விட்டேன். அதே சமயத்தில்தான் பக்குக்குள்ளும் சட்டையிலும் கருவி பொருத்தி இடத்தைத் தானாகவே பதிவு செய்யும் ஏற்பாடு லீக் முழுக்க வந்திருந்தது. கண்ணும் கெட்டுப்போயிருந்தது. பெரிய வருத்தமில்லை.

2025 ஏப்ரல் 6. கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை ஒவெச்கின் ஏற்கெனவே தொட்டிருந்தார். அந்தச் சீசனின் நடுவில் கால் எலும்பு முறிந்து 16 ஆட்டம் வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தவர், வயது 39. அது அவருக்கு 1,487ஆவது ஆட்டம். கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியதும் சரியாக அத்தனைதான். இரண்டாம் பகுதியில் பவர் பிளே. குறுக்கே பாஸ் வந்தது, அடித்தார். ஆட்டம் நின்றது. அவர் பனியில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு போனார், கூட்டம் எழுந்து நின்றது. நான் சோபாவில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அந்த விசைப்பலகையைத் தொடவில்லை. ஆனாலும் வலது கை தானாக நகர்ந்து, எதிரிலிருந்த மேஜையின் இடது பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது.